வீட்டு ப்ராக்ஸி: ஆளுக்கு ஒரு விதி வைக்க எந்த வழி?

எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு ஒன்று, ஆட்கள் ஐந்து பேர். ஆறாம் வகுப்பில் மகன், பத்தாம் வகுப்பில் மகள், வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கும் மனைவி, யூடியூபில் தேவாரம் கேட்கிற அப்பா, நான். மகனுக்கு இரவு 9 மணிக்கு மேல் விளையாட்டுத் தளங்கள் திறக்கக் கூடாது. மகளுக்குப் பாடம் தொடர்பானவை எந்நேரமும் வேண்டும். பொதுத்தேர்வு முடியும்வரை இன்ஸ்டாகிராம் மாலையில் ஒரு மணி நேரம் போதும் என்று அவளே சொன்னாள். மனைவியின் அலுவலக விபிஎன் மீது எதுவும் கைவைக்கக் கூடாது. அப்பாவுக்குப் போலி வங்கித் தளங்களும், ‘பரிசு விழுந்திருக்கிறது’ என்று வரும் லிங்க்குகளும் அடைபட்டால் போதும்.

ரவுட்டரில் இருந்த தடைப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே பட்டியல்தான். அதில் இன்ஸ்டாகிராமைப் போட்டால் வீட்டுக்கே அடைபடும். அப்படித்தான் ப்ராக்ஸி பக்கம் வந்தேன்; வீட்டுக் கருவிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் சர்வர் அது. ஒவ்வொரு வழியையும் சில வாரங்கள் ஓடவிட்டுப் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது: ‘எந்த ஃபில்டர் நல்லது’ என்று தேடுவதில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. எல்லா ஃபில்டரும் பட்டியலில் இருப்பதை அடைக்கத்தான் செய்கின்றன. வந்து நிற்கிற கோரிக்கை யாருடையது என்பது சர்வருக்கு எப்படித் தெரியப் போகிறது? அதற்கு என்ன விடை சொல்கிறோமோ அதைப் பொறுத்துதான் மற்ற எல்லாம் அமையும்.

கருவியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது

எளிதான வழி இதுதான். ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் அதன் மேக் முகவரியை (கருவிக்கே உரிய வன்பொருள் எண்) பார்த்து ரவுட்டரில் நிலையான ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி) ஒதுக்கிவிட வேண்டும். பிறகு ‘இந்த ஐபி மகனுடையது, இதற்கு இந்த விதி’ என்று எழுதலாம். ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளில் இதற்குத் தனி விதி வகை உண்டு. ப்ராக்ஸியே வேண்டாம், டிஎன்எஸ் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஃபில்டர் போதும் என்றால் பை-ஹோல் இருக்கிறது. 2020-இல் வந்த அதன் 5-ஆம் பதிப்பிலிருந்து கருவிகளைக் குழுவாகப் பிரித்துக் குழுவுக்கு ஒரு பட்டியல் கொடுக்கலாம். இதே வகை மென்பொருளான அட்கார்ட் ஹோமில் இன்னும் சுலபம். ஒவ்வொரு கருவிக்கும் எந்தெந்தச் சேவை கூடாது என்று திரையிலேயே டிக் செய்துவிடலாம், நேர அட்டவணையும் போடலாம்.

இதில் இரண்டு ஓட்டைகள். ஆண்ட்ராய்டு 10 முதலும் ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் வைஃபையில் தங்கள் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வைஃபைக்கும் கற்பனையாக ஒன்றை உருவாக்கிக் காட்டுகின்றன. அந்த வைஃபைக்கு மட்டும் அதை அணைத்து வைக்கலாம்தான், ஆனால் போன் பிள்ளையின் கையில் இருக்கிறது. மறுபடி போட்டுக்கொள்ள நாலு தட்டு போதும். அப்படி மாற்றினால் சர்வருக்கு அது புதுக் கருவி, பெயர் தெரியாத கருவி. ஆகவே இந்த வழியில் போகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது: பெயர் தெரியாத கருவிக்குத்தான் இருப்பதிலேயே கடுமையான விதி இருக்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாக வைத்துவிடுகிறார்கள். தெரிந்த போன்களைக் கட்டுப்படுத்திவிட்டு, மற்றதெல்லாம் திறந்தபடி இருக்கும். முகவரியை மாற்றினால் விடுதலை என்று பிள்ளைக்குத் தெரிய ஒரு வாரம் ஆகாது. முகவரியை மாற்றினால் இன்னும் இறுகும் என்றால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. ஹாலில் இருக்கும் பொதுக் கம்ப்யூட்டர் யாருடையது? காலையில் அப்பா, மாலையில் மகன், இரவில் மகள். ஐபி ஒன்றுதான். இங்கே கருவி அடையாளம் கைவிரித்துவிடுகிறது.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்பது

ஆளுக்கு ஒரு விதி என்பதற்கு நேரான அர்த்தம் இதுதான். பிரவுசர் திறந்ததும் ப்ராக்ஸி பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்கும். சொன்ன பெயருக்கு உரிய விதி அமலாகும். இதற்கு ஸ்க்விட்டை விடப் பழகிய மென்பொருள் வேறு இல்லை. 1996 முதல் இருக்கிறது, இலவசம், பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டிலோ ஓடும். முன்பெல்லாம் ப்ராக்ஸி வைத்ததே பக்கங்களைச் சேமித்து வைத்து வேகமாகத் தருவதற்காக. இன்று கிட்டத்தட்ட எல்லாத் தளங்களும் ஹெச்டிடிபிஎஸ் (மறையாக்கப்பட்ட இணைப்பு) என்பதால் சேமிக்க ஒன்றும் இல்லை. அந்த வசதியை அணைத்துவிட்டு வெறும் வாசற்காவலாக வைத்துக்கொள்ளலாம்.

அமைப்பது பெரிய வேலை இல்லை. பயனர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒரு கோப்பில் உருவாக்கி, அதைச் சரிபார்க்கும் துணை நிரலை ஸ்க்விட்டுக்குக் காட்ட வேண்டும். பிறகு மகன் ஒரு குழு, மகள் ஒரு குழு. விளையாட்டுத் தளங்கள் ஒரு பட்டியல். 9 மணி முதல் காலைவரை ஒரு நேர வரையறை. கடைசியில் அனுமதி வரிகள். சிக்கல் வருவது இந்த வரிகளில்தான். ஸ்க்விட் மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். ‘வீட்டில் உள்ள எல்லோருக்கும் அனுமதி’ என்ற வரி மேலே இருந்தால் அதற்குக் கீழே என்ன எழுதினாலும் பயனில்லை. தடைகள் முதலில், அனுமதிகள் பிறகு, ‘மற்ற அனைத்தும் மறு’ கடைசியில். எந்த வரியும் பொருந்தாவிட்டால் கடைசி வரிக்கு நேர் எதிரானதை ஸ்க்விட் செய்யும் என்பதால் அந்தக் கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. ஒரே வரியில் எழுதும் நிபந்தனைகள் எல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும். ஒரே வரையறைக்குள் அடுக்கும் பெயர்களில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

நேர விதியில் மூன்று இடங்களில் எனக்குச் சறுக்கியது. முதலாவது, சர்வரின் கடிகாரம் யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) இருந்தது. 9 மணிக்கு அடைபட வேண்டிய தளம் நள்ளிரவு தாண்டி 2.30-க்கு அடைபட்டது. இரண்டாவது, கிழமை எழுத்துகள். ஆங்கில முதலெழுத்துதான் என்று நினைத்து எழுதினேன். செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் அப்படித்தான். வியாழனுக்கு ‘ஹெச்’, சனிக்கு ‘ஏ’ என்று ஸ்க்விட்டில் வேறு வைத்திருக்கிறார்கள். மூன்றாவதுதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. 8.55-க்கு மகன் திறந்த விளையாட்டு 9.40-க்கும் ஓடிக்கொண்டிருந்தது. விதி சரி, கடிகாரம் சரி. ஸ்க்விட் ஒரு இணைப்பைத் திறக்கும்போதுதான் நேரத்தைப் பார்க்கிறது; ஏற்கெனவே திறந்த இணைப்பை நேரம் ஆனதும் அதுவாக மூடாது. 9 மணிக்கு ஸ்க்விட்டையே ஒருமுறை நிறுத்தித் தொடங்க ஒரு தானியங்கிக் கட்டளை போட்ட பிறகுதான் அடங்கியது. நிறுத்தச் சொன்னாலும், இருக்கிற இணைப்புகளுக்கு இயல்பாக 30 விநாடி அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் நிற்கும்; அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. ராஸ்பெரி பை 4 வரையிலான போர்டுகளில் மின்சாரம் போனால் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்ததும் இணையத்திலிருந்து நேரம் பெறும்வரை பழைய நேரத்திலேயே இருக்கும். நேர விதி வைக்கிறவர்கள் சின்ன கடிகாரத் துண்டு ஒன்றை வாங்கிச் செருகிவிடுவது நல்லது. பேட்டரி உள்ள பழைய லேப்டாப்பில் இந்தத் தொல்லையே இல்லை. அதனால்தான் நான் லேப்டாப் பக்கம்.

இனி இந்த வழியின் எல்லை. பாஸ்வேர்டு கேட்க வேண்டுமென்றால், ‘இணையத்துக்கு இந்த ப்ராக்ஸி வழியாகப் போ’ என்று கருவியிடம் வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். கருவிக்குத் தெரியாமல் நடுவில் பிடித்துத் திருப்பும் முறையில் பாஸ்வேர்டு கேட்க முடியாது. தான் ப்ராக்ஸியோடு பேசுகிறோம் என்பதே பிரவுசருக்குத் தெரியாதே. கம்ப்யூட்டரில் ப்ராக்ஸியைச் சொல்லிவைப்பது எளிது. போனில்? ஆண்ட்ராய்டின் வைஃபை செட்டிங்கில் ப்ராக்ஸியின் பெயரும் எண்ணும் போட இடம் உண்டு, பயனர் பெயர் போட இடமில்லை. பிரவுசர் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். செயலிகள் பல அப்படிக் கேட்பதில்லை, வெறுமனே நின்றுவிடும். அப்பாவின் போனில் இதை வைத்த அன்று வங்கிச் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றே எடுத்துவிட்டேன்.

பாஸ்வேர்டைப் பிரவுசர் சேமித்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. ஹால் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஒரே விண்டோஸ் கணக்கு இருந்தால், நான் ஒருமுறை ‘சேமி’ என்று அழுத்தியதும் அடுத்து உட்காருகிற மகனும் நானாகிவிடுவான். ஆளுக்கு ஒரு விண்டோஸ் கணக்கு, ஆளுக்கு ஒரு ப்ராக்ஸி பெயர், இரண்டும் சேர்ந்தால்தான் இது நிற்கும். அடிப்படை முறையில் பாஸ்வேர்டு மறையாக்கம் இல்லாமல்தான் சர்வருக்குப் போகிறது. ஆகவே மின்னஞ்சலுக்கோ வங்கிக்கோ வைத்திருக்கும் பாஸ்வேர்டை இங்கே வைக்கவே வேண்டாம்.

ஆளுக்கு ஒரு வைஃபை

போன்களுக்கு எனக்குச் சரிப்பட்ட வழி இது. ஓபன் டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச இயங்குதளம்) போடக்கூடிய ஒரு ரவுட்டரில் ஒரே ஆன்டெனாவிலிருந்து பல வைஃபை பெயர்களைக் காட்டலாம்: பெரியவர்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி பாஸ்வேர்டு, தனி ஐபி வரிசை. மகனுக்கு அவன் வைஃபையின் பாஸ்வேர்டு மட்டும்தான் தெரியும். அவன் போனில் மேக் முகவரியை எத்தனை முறை மாற்றினாலும் வந்து சேர்வது அதே வரிசையில்தான். விதி அந்த வரிசைக்கு எழுதப்பட்டிருக்கிறது. போனில் ப்ராக்ஸி செட்டிங் எதுவும் தேவையில்லை, செயலிகள் முரண்டு பிடிப்பதில்லை.

இந்த வரிசைகளை ஸ்க்விட்டுக்குத் திருப்பிவிட்டு, ஹெச்டிடிபிஎஸ் தொடக்கத்தில் வரும் தளத்தின் பெயரை மட்டும் எட்டிப் பார்த்து விடவோ தடுக்கவோ செய்யலாம். உறையைப் பிரிக்காமல் முகவரியைப் படிப்பது போன்றது. தளங்களின் அடையாளத்துக்கு உறுதி சொல்லும் சான்றிதழ் எதையும் போனில் போட வேண்டாம். ஆனால் அந்தப் பெயரையும் மறைக்கும் ஈசிஹெச் என்ற முறை 2023 முதல் குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்துவிட்டது. கருவியில் சொல்லிவைத்த வெளிப்படையான ப்ராக்ஸிக்கு இந்தக் கவலை இல்லை, ஏனென்றால் பிரவுசரே ‘இந்தத் தளத்துக்கு வழி விடு’ என்று பெயரைச் சொல்லித்தான் கேட்கிறது. நடுவில் பிடிக்கும் முறைக்குத்தான் வருங்காலத்தில் பார்வை மங்கும். அதனால் போன் வரிசைகளுக்கு நான் ப்ராக்ஸியே வைக்கவில்லை. வரிசைக்கு ஒரு டிஎன்எஸ் விதி, ரவுட்டரின் ஃபயர்வாலில் (எந்தப் போக்குவரத்தை விடுவது, தடுப்பது என்று முடிவு செய்யும் பகுதி) நேர வரம்பு, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. யூடியூபை முழுக்க அடைக்காமல் அதன் கட்டுப்பாட்டு நிலையில் மட்டும் காட்ட வேண்டுமென்றால், யூடியூபின் பெயரைக் கூகுள் இதற்கென்றே வைத்திருக்கும் வேறொரு முகவரிக்கு டிஎன்எஸ்ஸில் திருப்பினால் போதும். கூகுள் தேடலின் பாதுகாப்பு நிலைக்கும் அப்படியே. மகனின் வரிசைக்கு மட்டும் இதைச் செய்யலாம். வெளிப்படையான ப்ராக்ஸியில் இது ஆளுக்கு ஏற்றபடி நடக்காது. அங்கே டிஎன்எஸ்ஸைக் கேட்பது கருவி அல்ல, ப்ராக்ஸி. பை-ஹோலுக்கு எல்லாக் கேள்வியும் ஒரே ஐபியிலிருந்துதான் வரும். ஸ்க்விட்டுக்குப் பின்னால் பை-ஹோலை வைத்துவிட்டுக் குழு விதிகள் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுகிறவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்.

குறை என்ன? ரவுட்டர் வாங்க வேண்டும், நெட்வொர்க்கைப் பிரிக்கத் தெரிய வேண்டும், பிரிண்டரும் டிவியும் எந்த வரிசையில் இருப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசிக்க வேண்டியிருக்கும். வைஃபை பெயர்களை மூன்று நான்குக்கு மேல் பெருக்குவதும் நல்லதல்ல. ஒவ்வொரு பெயரும் காற்றில் இடம் பிடிக்கும்.

உறையைப் பிரித்துப் படிப்பது

ஸ்க்விட்டும் ஈ2கார்டியனும் ஹெச்டிடிபிஎஸ் இணைப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் படித்து மறுபடி மூடி அனுப்ப வல்லவை. அதற்கு நாம் உருவாக்கிய மூலச் சான்றிதழை ஒவ்வொரு கருவியிலும் ஏற்றி, ‘இதை நம்பு’ என்று சொல்ல வேண்டும். அப்போது தளத்தின் பெயர் மட்டுமல்ல, பக்கத்தின் முழு முகவரி, அதிலுள்ள சொற்கள் வரை பார்த்துத் தடுக்கலாம். ஈ2கார்டியன், பழைய டான்ஸ்கார்டியனிலிருந்து கிளைத்தது. சொற்களுக்கு மதிப்பெண் போட்டுப் பக்கத்தை எடைபோடும் அதன் முறைக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு.

இதை வீட்டில் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆண்ட்ராய்டு 7 முதல் செயலிகள் பயனர் ஏற்றிய சான்றிதழை இயல்பாக நம்புவதில்லை. ஆகவே போன்களில் பாதி ஓடாது. அதைவிட முக்கியம், மனைவியின் வங்கிக் கணக்கும் மகள் தோழியிடம் பேசுவதும் அப்பாவின் மருத்துவ அறிக்கையும் என் அலமாரியில் இருக்கும் ஒரு லேப்டாப்புக்குள் திறந்து கிடக்கும். அந்தச் சான்றிதழின் சாவி களவு போனால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிடமும் யார் வேண்டுமானாலும் வங்கி என்று சொல்லிக்கொண்டு வரலாம். ஒரு பிள்ளையின் விளையாட்டு நேரத்தைக் கட்ட இவ்வளவு பெரிய கதவைத் திறப்பது சரியே அல்ல.

கருவிக்குள்ளேயே வைக்கும் கட்டுப்பாடு

கூகுளின் ஃபேமிலி லிங்க், ஆப்பிளின் ஸ்கிரீன் டைம், மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டி. இவை ப்ராக்ஸி அல்ல, ஆனால் ஒப்பீட்டில் விடக் கூடாது. வீட்டு ப்ராக்ஸியின் கை வீட்டு வாசலோடு முடிகிறது. மொபைல் டேட்டாவைப் போட்டதும் நாம் எழுதிய எல்லா விதியும் வெளியே நிற்கும். பிள்ளையின் கையில் சிம் உள்ள போன் இருந்தால் முதலில் வைக்க வேண்டியது இதைத்தான். மகனுக்கு இன்னும் சிம் இல்லை, அதனால் எங்களுக்கு வைஃபை விதியே போதுமாயிருக்கிறது. சிம் வருகிற ஆண்டில் இந்த முடிவை மாற்றுவேன்.

எது எடுத்தாலும் அடைக்க வேண்டிய சந்துகள்

ப்ராக்ஸியைச் சொல்லிவைத்துவிட்டு, அதைத் தவிர்த்து நேராகப் போகும் வழியைத் திறந்தே விட்டால் பயனில்லை. ஹால் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போக ஸ்க்விட்டின் 3128-ஆம் எண் போர்ட் (இணைப்பு வாசல்) மட்டும். மற்றதை ஃபயர்வாலில் மூட வேண்டும். டிஎன்எஸ் விதி வைத்த வரிசைகளில் 53-ஆம் எண் போர்ட்டில் வெளியே போகும் கேள்விகளை நம் டிஎன்எஸ்ஸுக்கே திருப்ப வேண்டும்; ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ போகும் 853-ஐ அடைக்க வேண்டும். பிரவுசருக்குள்ளேயே இருக்கும் மறைவான டிஎன்எஸ் 443-இல் போவதால் அதை முழுக்க அடைப்பது கடினம். தெரிந்த சேவைகளின் பட்டியலைத் தடையில் சேர்க்கலாம், அவ்வளவுதான். நடுவில் பிடிக்கும் முறையை எடுப்பவர்கள் யுடிபி 443-ஐயும் மூட வேண்டும். இல்லாவிட்டால் யுடிபியில் ஓடும் குவிக் என்ற இணைப்பு முறை வழியாகப் பாதிப் போக்குவரத்து ப்ராக்ஸியைத் தொடாமலே போய்விடும்.

தடைப் பட்டியலைக் கையால் எழுதி முடியாது. பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகம் வகை வாரியாகப் பிரித்து வெளியிடும் பட்டியல் இலவசம், ஸ்க்விட்டோடு பயன்படுத்தலாம். பழைய வழிகாட்டிகளில் சொல்லப்படும் ஷல்லா பட்டியல் நின்றுபோய்விட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம்.

எங்கள் வீட்டில் நின்ற ஏற்பாடு

பொதுக் கம்ப்யூட்டருக்குப் பெயர்-பாஸ்வேர்டுடன் ஸ்க்விட். போன்களுக்கு ஆளுக்கு ஒரு வைஃபை. மனைவியின் லேப்டாப் எதையும் தொடாமல் நேராக வெளியே போகும். எல்லோருக்கும் ஒரே வழியை வைக்க முயன்றதுதான் நான் முதலில் செய்த தவறு. வீட்டில் பொதுக் கருவியே இல்லை, ஆளுக்கு ஒரு போன் என்றால் ஸ்க்விட்டே வேண்டாம். வைஃபையைப் பிரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரை நாலு பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிற வீடு என்றால் வைஃபையைப் பிரித்து ஒன்றும் ஆகாது; பாஸ்வேர்டு வழிதான். ரவுட்டர் மாற்ற மனமில்லை, பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் அட்கார்ட் ஹோமைப் போட்டு, பெயர் தெரியாத கருவிக்குக் கடும் விதி வைத்தால் இரண்டு மூன்று வருடம் தாராளமாக ஓடும்.

பதிவேடு பற்றிச் சொல்லியாக வேண்டும். பாஸ்வேர்டு வழியில் ஸ்க்விட் ஒவ்வொரு கோரிக்கையையும் ஆளின் பெயரோடு எழுதி வைக்கும். முதல் வாரம் அதைத் திறந்து பார்த்தபோது மகள் இரவில் என்ன தேடினாள் என்பது தளம் தளமாக என் கண் முன்னால் இருந்தது. படிக்க எனக்கு உரிமையில்லாத ஒன்றைப் படித்துவிட்டதாக உணர்ந்தேன். மறுநாள் அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போது பெரியவர்களுக்கும் மகளுக்கும் பதிவேடு எழுதப்படுவதில்லை. யாருக்கு எழுதுவது, யாருக்கு விடுவது என்று ஸ்க்விட்டில் தனியாக வரையறுக்கலாம். மகனுடையது மட்டும் ஏழு நாள் இருக்கும், அது அவனுக்கும் தெரியும். விதிகள் எல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளில் ஒட்டியிருக்கின்றன, யாருக்கு எது, எத்தனை மணிவரை என்று. மாற்ற வேண்டுமானால் அவர்களே அதில் பென்சிலால் எழுதுகிறார்கள். சனிக்கிழமை உட்கார்ந்து பேசுகிறோம்.

இன்னொரு தாள் அலமாரிக் கதவின் உள்பக்கம் இருக்கிறது. நான் ஊரில் இல்லாதபோது நான் வைத்த ரவுட்டர் நின்றுபோனால், ஃபைபர் பெட்டியின் பின்னால் உள்ள வைஃபை பொத்தானை அழுத்தி நேராக இணைத்துக்கொள்வது எப்படி என்று மனைவிக்காக எழுதி வைத்தது. சென்ற மாதம் ஒருமுறை அது தேவைப்பட்டது. இரண்டே நிமிடத்தில் அலுவலக மீட்டிங்கில் மறுபடி சேர்ந்துவிட்டாள்.